பேரி மரத்தை வெட்ட மனம் வரவில்லையா?

கொடைக்கானல் போகிறவர்கள் பேரிக்காய் வாங்கி வருகிறார்கள். அந்தக் காய் பெரிதாக இருக்குமா, சிறிதாக இருக்குமா என்பது மார்கழி மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மார்கழிக் குளிரில் பேரி மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிறது. அதுதான் கவாத்து செய்யும் காலம். ஆனால் பலருக்கு மனம் வருவதில்லை. "காய்க்கும் கிளையை வெட்டினால் வருமானம் போய்விடுமே!" என்று பயப்படுகிறார்கள்.

இந்தப் பயம் தேவையில்லை. வெட்டாமல் விடுவதுதான் நஷ்டம்.

தூங்கும் மரம்

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரை நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் பேரி, பிளம்ஸ், பீச் மரங்களை இங்கே கொண்டு வந்தார்கள். இலை உதிர்ந்த மரம் தன் சத்தைக் கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கிறது. அப்போது கிளையை வெட்டினால் மரம் இளைக்காது. துளிர் விடும்போது அந்தச் சத்து முழுவதும் மீதியுள்ள கிளைகளுக்குப் போகும். வெயிலும் காற்றும் உள்ளே புகும். காய் எண்ணிக்கை குறையலாம், ஆனால் பருக்கும். வியாபாரி பருத்த காய்க்குத்தானே நல்ல விலை தருகிறார்?

கண்டபடி வெட்டலாமா?

கூடாது. பீச் மரம் போன வருஷம் வளர்ந்த கிளையில் காய்க்கும். அதனால் வருஷா வருஷம் வெட்ட வேண்டும். பேரி அப்படி அல்ல. அதில் குட்டையான காய்ப்புக் கிளைகள் உண்டு. அவை பல வருஷம் காய்க்கும். அவற்றை விட்டுவிட வேண்டும். காய்ந்த கிளை, நோய் பிடித்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை எடுத்தால் போதும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவ வேண்டும்.

பல வருஷம் கவனிக்காத மரமா? ஒரே நாளில் மொட்டை அடிக்கக் கூடாது. மூன்று வருஷமாகப் பிரித்து வெட்ட வேண்டும்.

புதுக் கன்று

கிழட்டு மரத்துக்குப் பதில் புதுக் கன்றும் வேண்டும். வடகிழக்குப் பருவ மழையில் நனைந்த மண் காய்வதற்கு முன்பே நட்டுவிட வேண்டும். தை பிறந்தால் மழை குறைந்துவிடும். அப்புறம் நட்டால் தண்ணீர் சுமக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் எல்லாம் 2 அடி இருக்கும்படி குழி வெட்டுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. கன்றாக இருக்கும்போதே கிளைகளை ஒழுங்குபடுத்துங்கள்.

யார் பொறுப்பு?

மரத்தைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் உண்டு. குத்தகைக்காரர் இந்த வருஷக் காயைத்தான் பார்ப்பார். பத்து வருஷம் கழித்து மரம் இருக்குமா என்பது அவர் கவலை அல்ல. அது சொந்தக்காரரின் கவலை. ஆகவே கவாத்து செலவைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும்.

அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. கொடைக்கானலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிரையண்ட் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிறது. கூட்டம் அலைமோதுகிறது. அதேபோல் மார்கழியில் கிராமம் கிராமமாகப் போய், விவசாயியின் தோட்டத்திலேயே கவாத்து செய்து காட்ட வேண்டும். காகிதத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்த்தால் பயம் போகும்.

காய்க்காத மரத்தை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். மரம் போனால் நிலத்துக்கு விலை பேச ஆள் வருவார். அங்கே கட்டடம் எழும்பும். மலையில் பழத்தோட்டம் நிலைக்க வேண்டுமானால், மார்கழியில் கத்தி எடுக்கத் தயங்கக் கூடாது!