வயசு போனால் நித்திரை வராது என்று விட்டுவிடலாமா?



கப்பல்துறையில் அநேகமான வீடுகளில் ஒரு கிளினிக் கொப்பியும் ஒரு பை குளிசையும் இருக்கின்றன. மாதாமாதம் வாப்பாவையோ உம்மாவையோ கூட்டிப் போகிறோம். பிரஷர் பார்த்து, மருந்து எடுத்து வருகிறோம். அவர்கள் இரவில் நித்திரை கொள்கிறார்களா என்பதை மட்டும் யாரும் டொக்டரிடம் சொல்வதில்லை. வீட்டில் அவர்கள் சொன்னாலும், "வயசு போனா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம்.

இது பிழை. நல்ல நித்திரையில் பிரஷர் பகலைவிட 10 முதல் 20 வீதம் வரை இறங்கும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அதுதான். விழித்து விழித்துப் படுப்பவருக்கு அந்த ஓய்வு குறைகிறது.

வாப்பா தஹஜ்ஜுதுக்கு எழும்புகிறார் என்று சந்தோஷப்படுகிறோம். அவர் சிறுநீருக்காக நாலாவது தடவை எழும்பியவராகவும் இருக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகள் சிறுநீரைக் கூட்டுபவை. அவற்றைப் பெரும்பாலும் காலையில் போடச் சொல்வார்கள். நாம் எல்லாவற்றையும் சேர்த்து இஷாவுக்குப் பின் கொடுத்துவிடுகிறோம். இருட்டில் எழும்பி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

"பிரஷர் குளிசையை இரவில் போட்டால்தான் நல்லது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். பிரித்தானியாவில் 21,104 பேரை வைத்துச் செய்து 2022 இல் வெளியான ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே நித்திரைக்குத் தோதான நேரத்தை டொக்டரிடம் கேட்கலாம். நாமாக மாற்றக் கூடாது.

குறட்டையையும் சிரிப்பாக எடுக்க வேண்டாம். பலத்த குறட்டை நடுவில் நின்று, மூச்சுத் திணறித் திரும்பவும் தொடங்கினால் அது ஒரு நோய். மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்காததற்கு அதுவும் காரணமாகலாம். படுத்திருப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இஷாவுக்குப் பின் பிளேன்டீ வேண்டாம். பாமசியில் கேட்டு நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். முதியவர்களுக்கு அது மயக்கத்தையும் விழுகையையும் கொண்டுவரும்.

இன்றிரவே கேட்போம்: "வாப்பா, எத்தனை தரம் எழும்புறீங்க?" பதிலை ஒரு துண்டில் எழுதி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுவோம். நாம் சின்னவர்களாக இருந்தபோது நமக்காக நித்திரை முழித்தவர்கள் அவர்கள்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆஃபியத்தைத் தருவானாக.