தொட்டில் கட்டிலும் கடுகுத் தலையணையும்

நம்ம பனமரத்துப்பட்டியில் பேரப்பிள்ளைக்குச் சீர் கொண்டுபோகிறவர்கள் இப்போது மரத் தொட்டில் கட்டிலும் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் பூப்போட்ட மெத்தையைப் பார்க்கிறார்களே ஒழிய, கம்பி இடைவெளியைப் பார்ப்பதில்லை. 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளலாம். பக்கச் சட்டத்தை ஏற்றி இறக்கும் வகை வேண்டவே வேண்டாம். சட்டம் கழன்று, இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மெத்தை கெட்டியாக, சுற்றிலும் இடுக்கில்லாமல் பொருந்தட்டும்.

கடுகுத் தலையணையா? தலை உருண்டையாகும் என்று பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள், தெரியும். முதல் வருடம் எந்தத் தலையணையும் கூடாது. மூக்கு அமுங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பச்சைப்பிள்ளைக்கு வலு ஏது? மல்லாக்கப் படுக்க வையுங்கள். சீர்த்தட்டில் கடுகுத் தலையணை வந்தால், சிரித்த முகமாக வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.