சட்டம் தெரியாது என்று சொல்ல முடியாது. படிக்க இடம் எங்கே?

'எனக்குச் சட்டம் தெரியாது' என்று சொல்லி எந்த நீதிமன்றத்திலும் தப்பிக்க முடியாது. நாட்டின் சட்டங்களை ஒவ்வொரு குடிமகனும் அறிந்திருக்கிறார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது. சரி, அந்தச் சட்டத்தை ஒரு சாமானியர் எங்கே போய்ப் படிப்பது? நீதிமன்ற வளாகங்களில் உள்ள நூலகங்கள் பெரும்பாலும் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரியவை. வழக்கைச் சந்திக்கும் மக்களுக்கு அங்கே இடமில்லை.

வழக்கறிஞர் வைத்துத்தான் வழக்காட வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் பாதிக்கப்பட்டவரே நேரில் வாதாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை அங்கே ஒரு உரிமையாகக் கோர முடியாது என்கிறது. மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு என வாழ்வையே புரட்டிப் போடும் வழக்குகளில் ஒரு பெண் தானே பேச வேண்டிய நிலை வரலாம் என்பதே இதன் பொருள்.

அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. சிவில் வழக்கில் சம்மன் வந்த 30 நாட்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். 'கோர்ட்டுக்குப் போவானேன்' என்று சம்மனை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். பரம்பரை வீட்டை இழந்த பிறகு வருந்திப் பயனில்லை.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன. ஜீவனாம்சத்துக்கான பழைய 125ஆவது பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆகிவிட்டது. அதே மாதம் 10ஆம் தேதி, மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் அந்த 125ஆவது பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வரவேற்றோரும் உண்டு, விமர்சித்தோரும் உண்டு. ஆனால் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்? வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரிகளே பலருக்குச் சட்டமாகிவிட்டன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. 1891இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அங்கே கவுண்டிதோறும் பொதுச் சட்ட நூலகங்கள் உருவாயின. வழக்குத் தாக்கல் கட்டணத்தில் ஒரு பகுதி அவற்றுக்குப் போகிறது. வழக்கறிஞர் இல்லாதவரும் உள்ளே போய்ப் படிவங்களையும் நூல்களையும் கேட்டு வாங்கலாம். நூலகர் தகவல் தருவார். சட்ட ஆலோசனை தரமாட்டார்.

நமக்கும் இது எட்டாக்கனி அல்ல. இந்தியாவிலேயே முன்னோடியாக 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் மாவட்ட மைய நூலகம்தோறும் ஒரு சட்டப் பிரிவு கேட்பது சலுகை அல்ல, நம் உரிமை. புதிய சட்டங்களின் தமிழ் நூல்கள், மாதிரி மனுக்கள், ஒரு கணினி, அச்சிடும் வசதி, விவரம் அறிந்த ஒரு நூலகர் இருந்தால் போதும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். மத்திய, மாநிலச் சட்டங்களை 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்' தளத்தில் தீர்ப்புகளைப் பார்க்கக் கட்டணமில்லை. தமிழாக்கம் செய்யப்பட்ட தீர்ப்புகளும் உண்டு. 'இ-கோர்ட்ஸ்' செயலியில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடும். அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

படிப்பது வேறு, வாதாடுவது வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. கைது, ஜாமீன் போன்ற குற்ற வழக்குகளில் வழக்கறிஞர் துணையின்றி இறங்குவது ஆபத்து. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத தீர்ப்பை இருப்பதாகக் காட்டிவிடுவதும் உண்டு; மூலத்தில் சரிபார்க்காமல் எதையும் மனுவில் எழுதக் கூடாது. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். இந்த ஒரு தகவல் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஜமாஅத் நூலகங்களில் ஒரு அலமாரியைச் சட்டத்துக்கு ஒதுக்குவது அரசு வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலை அல்ல. 1937இன் ஷரீஅத் சட்டம், 1939இன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், வக்ஃப் சட்டம், வாடகைச் சட்டம், நுகர்வோர் சட்டம் ஆகியவற்றின் பிரதிகளை அதில் வைக்கலாம். மஹல்லாவில் சட்டம் படிக்கும் மாணவ மாணவியர் வாரம் ஒரு மாலை அங்கே அமர்ந்து, வரும் சம்மனையும் நோட்டீஸையும் மக்களுக்குப் படித்துச் சொல்லலாம். கடைசித் தேதி எது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்தாலே பாதிக் கவலை குறையும்.