மரத்தின் மீதா தப்பு?

ஈகிள் 150 விமானத்தின் படத்தைக் காட்டியதும் சித்தப்பா சிரித்தார். "என்னடா இது, முன்னால ஒரு ரெக்க, நடுவுல ஒண்ணு, பின்னால வால் வேற! தும்பி மாதிரி இருக்கு. அதான் விக்கல போல."

சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர்; சொல்லிவிட்டுப் போகட்டும். என்னோடு படித்த பொறியாளர்களும் இதையே சொல்வதுதான் எரிச்சல்.

அது ஆஸ்திரேலியாவில் வடிவமைத்த இரண்டு இருக்கை விமானம். 1990இல் தொடங்கிய சி.டி.ஆர்.எம். நிறுவனம் மூலம் மலேசியா அதில் பணம் போட்டது. அந்த முன்இறக்கை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. வழக்கமான விமானத்தில் வால் பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்தும். அந்தச் சுமையையும் இறக்கைதான் தூக்க வேண்டும். முன்இறக்கையோ தானும் சேர்ந்து தூக்கும். வேகம் மிகக் குறைந்தால் அதுதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். உடனே மூக்கு தாழும், வேகம் திரும்பும், பெரிய இறக்கை கைவிடாது. பறக்கப் பழகுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

ரைட் சகோதரர்களின் 1903 விமானத்திலேயே ஏற்ற இறக்கப் பரப்பு முன்னால்தான் இருந்தது. ஈகிளைப் போலவே மூன்று பரப்புகள் கொண்ட இத்தாலியின் பியாஜியோ அவந்தி 1986இலேயே பறந்துவிட்டது.

பிறகு ஏன் தோற்கின்றன? அமெரிக்காவின் பீச் ஸ்டார்ஷிப்பும் முன்இறக்கை விமானம்தான். கட்டியது 53. 2003இல் நிறுவனமே பலவற்றைத் திரும்ப வாங்கி அழித்தது. பறக்காததாலா? இல்லை. அத்தனை குறைந்த எண்ணிக்கைக்கு உதிரிபாகமும் பராமரிப்பும் கொடுப்பது கட்டுப்படியாகவில்லை. ஒரு வடிவத்தின் தலைவிதியை வானம் பாதிதான் எழுதுகிறது. மீதியைத் தரையில் இருக்கும் மெக்கானிக், ஸ்பேர் பார்ட்ஸ், பயிற்சிப் பள்ளி, வாங்குகிறவன் எழுதுகிறார்கள்.

ஈகிள் விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் இழைக் கலப்புப் பொருளில் விமானம் கட்டப் பழகிய அதே சி.டி.ஆர்.எம்.தான் பிறகு ஏர்பஸ் ஏ320 இறக்கைகளுக்குப் பாகங்கள் செய்தது. இதைச் சொல்லாமல் 'வீண் செலவு' என்பது அரைக் கணக்கு.

இறுதியாண்டு புராஜெக்டில் நானும் முன்இறக்கை வரைந்தேன். "வழக்கமானதைப் போடு, மார்க் வரும்" என்றார்கள். போட்டேன், மார்க்கும் வந்தது. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

சித்தப்பாவிடம் கேட்டேன். "ரப்பர் மரத்த ஏன் வெட்டுனாங்க? பால் வரலயா?"

"பால் வந்துச்சுடா. வெலைதான் வரல. செம்பனைக்குக் கொஞ்சம் ஆள் போதும்."

"அப்ப மரத்து மேல தப்பா?"

"அது என்னடா பண்ணும், பாவம்!"

அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டம் வாங்கிய நமக்குத்தான் இன்னும் புரியவில்லை.