வண்டிக்கு என்ன வயசு?

‘நாடோடி வாழ்க்கைதான் சார் உண்மையான விடுதலை’ என்று போன மாதம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். ‘நோமேட்லேண்ட்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறாராம். பழைய வேன், பாலைவனத்து மாலை வெளிச்சம், ஃபிரான்சஸ் மெக்டார்மண்டின் முகம். வேலையை விட்டுவிட்டு ஒரு வேன் வாங்கலாமா என்று யோசிக்கிறார். தம்பி, நான் அந்தப் பாலைவனத்திலிருந்துதான் எழுதுகிறேன். இங்கே முதலில் கேட்பது உங்கள் கனவை இல்லை, வண்டியின் மாடல் வருஷத்தை.

இருபத்தெட்டு வருஷம் மின்னசோட்டாவில் பனி அள்ளியது போதும் என்று நானும் மனைவியும் செப்டம்பரில் கிளம்பினோம். எங்களுடையது 2008 மாடல் மோட்டார்ஹோம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தெற்கு டகோட்டா, வயோமிங், யூட்டா என்று பத்து வாரம் சுற்றினோம். நவம்பர் கடைசியில் அரிசோனாவின் யூமா பக்கம் வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான் மிச்சம்: ஒரே இடத்தில் நாலு மாசம் நிற்க வேண்டும். குளிர்காலம் வந்தால் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வயதானவர்கள் இங்கே இறங்குகிறார்கள். ‘ஸ்நோபேர்ட்ஸ்’ என்று பெயர். அவர்களுக்காகவே ஊரைச் சுற்றி ஆர்.வி. பார்க்குகள்.

ஃபோன் போட்டோம். முதல் கேள்வி, ‘உங்களில் ஒருத்தருக்காவது 55 ஆகிவிட்டதா?’ ஆகிவிட்டது. அடுத்த கேள்வி, ‘வண்டிக்கு எத்தனை வயசு?’ பத்துக்கு மேல் என்றதும் ‘மன்னிக்கணும், இடம் இல்லை.’ மூன்று பார்க்கில் இதே பதில். மனைவி சிரித்தாள். ‘மனுஷனுக்கு வயசு கூடியிருக்கணும், வண்டிக்குக் குறைஞ்சிருக்கணும். என்னங்க கணக்கு இது?’

கணக்கு இதுதான். குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு குடும்பத்துக்கு வீடு மறுக்கக்கூடாது என்று 1988இல் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு. குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயதானவர் ஒருவராவது இருக்க வேண்டும். 1995ஆம் வருஷச் சட்டம் அந்த விலக்கை இன்னும் எளிதாக்கியது. ஆக, ஆளின் வயசைக் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. ‘பத்து வருட விதி’ அப்படியில்லை. பார்க் நடத்துபவர்கள் தாங்களே போட்டுக்கொண்டது. எல்லா இடத்திலும் கிடையாது, ஆனால் நிறைய இடத்தில் உண்டு.

இடம் கிடைக்காமல் வடக்கே குவார்ட்ஸைட்டுக்குப் போனோம். அங்கே லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். நாங்கள் போனபோது முழு சீசனுக்கும் 180 டாலர். கரண்ட் கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் பொது இடத்துக்கு வண்டியை ஓட்டிப்போக வேண்டும். ஊரில் பார்க்கத்தக்க நினைவுச்சின்னம் ஒரு கல்லறை. 1856இல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒட்டகம் ஓட்ட வந்து, 1902இல் இங்கேயே இறந்த ஹாட்ஜி அலியுடையது. ‘ஹை ஜாலி’ என்று பெயரைத் திரித்து, கல் பிரமிடு கட்டி, உச்சியில் ஒட்டகம் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்றது தொண்ணூறுகளின் வேன் ஒன்று. அதில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை ஏறி, ஓய்வூதியத்துக்குள் அடங்காமல் போனதும் வீட்டைக் காலி செய்துவிட்டார். சோலார் தகட்டைத் தெற்கே சாய்த்து வைப்பது, ஒரு பக்கெட் தண்ணீரில் மூன்று நாள் பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ‘ஏப்ரல்ல எங்க போவீங்க?’ என்றேன். ‘ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் காட்டுக்கு. பதினாலு நாளைக்கு ஒரு தரம் இடம் மாத்தணும்’ என்றார். எங்களுக்கு வடக்கே வீடு பூட்டியிருந்தது. எங்களுடையது பயணம். அவருடையதையும் அதே பெயரால் அழைப்பது பொய்.

ஜனவரியில் யூமாவில் ஒரு பார்க், ‘வண்டியை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பாக்கலாம்’ என்றது. மெழுகு போட்டுப் பளபளப்பாக்கி அனுப்பினோம். உள்ளே விட்டார்கள்.

உள்ளே நல்ல மனிதர்கள். மறைக்க மாட்டேன். போன அன்றைக்கே ஒருவர் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொடுத்தார். வியாழக்கிழமை பொதுச் சாப்பாட்டில் மனைவியின் எலுமிச்சம் சோறுதான் முதலில் தீரும். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆறு பேர் முறை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டினார்கள். அமெரிக்கர்களுக்கு அக்கம்பக்கம் தெரியாது என்று நம்மவர்கள் பேசுவது வெறும் வாய்ப்பேச்சு.

ஆனால் பிப்ரவரிக் கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இது குடியிருப்பவர்களே நடத்தும் பார்க். ‘ஃபோட்டோ பார்த்து விடுவதை நிறுத்திவிடலாம். இனி பத்து வருஷம் என்றால் பத்து வருஷம்தான். ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பொருந்தாது’ என்று தீர்மானம் வந்தது. காரணங்களும் சொன்னார்கள். பழைய வண்டி ஒழுகும், வயரிங் தீப்பிடிக்கும், ஆள் விட்டுவிட்டுப் போனால் இழுத்துப்போகிற செலவு நம் தலையில்.

நியாயமான பயம்தான். அப்படியென்றால் வயரிங்கைச் சோதியுங்கள், டயரைப் பாருங்கள், ஒழுகுகிறதா என்று பாருங்கள், இன்ஷூரன்ஸ் கேளுங்கள். அரை மணி நேர வேலை. வருஷத்தை மட்டும் கேட்பது சோம்பேறித்தனம்கூட இல்லை, தெரிந்தே செய்கிற வடிகட்டல். பராமரிக்காத ஐந்து வருஷ வண்டி உள்ளே வரும். பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் முப்பது வருஷ வேன் வெளியே நிற்கும். ஏழைகள் வேண்டாம் என்று சொல்ல வாய் வராததால் வண்டியின் வயசைச் சொல்கிறோம்.

இதையெல்லாம் கூட்டத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. எங்கள் வண்டி உள்ளே வந்துவிட்டது, பிழைப்பைக் கெடுத்துக்கொள்வானேன் என்று உட்கார்ந்திருந்தேன். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் இரண்டே பேர். அதில் ஒன்று என் மனைவியுடையது.

தம்பி, நீங்கள் வேன் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பிப்போக வீடு இருக்கிறவன் சுற்றுவதற்கும் வீடே இல்லாதவர் சுற்றுவதற்கும் ஒரே சொல்லைப் போட்டுக் கவிதை எழுதாதீர்கள். அந்தக் கவிதை எங்கள் கேட்டுக்குத்தான் உதவுகிறது. ‘அவங்க சுதந்திரமா இருக்க ஆசைப்படுறாங்க’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள்.

மார்ச் முதல் வாரம் அந்த அம்மா ஃபோன் செய்தார். இடுப்பு வலி, குளிர் தாங்கவில்லை, ஒரு மாசத்துக்குக் கரண்ட் உள்ள இடம் கிடைக்குமா, வாடகை கொடுத்துவிடுவேன் என்றார். எங்கள் வரிசையிலேயே நாலு இடம் காலியாக இருந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.