ஒட்டுக்கத்தி: பட்டறையில் அடிப்பதா, கடையில் வாங்குவதா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மா நாற்றங்காலில் ஒட்டுக் கட்டும் வேலை. பிழைத்த கன்றுக்குத்தான் கூலி. இதுவரை பிளேடை வைத்துச் சமாளித்தவர், இப்போது மடக்குக் கத்தி வாங்க நினைக்கிறார். ஊர்க் கொல்லரிடம் சொல்லி அடிப்பதா, கம்பெனிக் கத்தியா என்பது கேள்வி. கடைசி வரியில், தான் இடது கைக்காரர் என்றும் எழுதியிருக்கிறார். விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

காய்கறிக் கத்திக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. தட்டைப் பக்கம் தாய்க்குச்சியின் மேல் படிந்து ஓடினால்தான் வெட்டு சமமாக வரும். குருத்து ஒட்டில் 4 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு வடிவில் சீவுகிறோம். அந்த முகம் குழிந்தோ மேடிட்டோ போனால், பட்டைக்குக் கீழே உள்ள பச்சை வளையம் வேர்ச்செடியின் வளையத்தோடு சேராது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் குச்சி காய்ந்துவிடும். வலது கைக்கான கத்தியை இடது கையில் பிடித்தால் சரிவு குச்சியின் பக்கம் திரும்பிவிடுகிறது. வருவது கோணல் வெட்டுதான். கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைகளில் இருப்பவை பெரும்பாலும் வலது கைக்கானவை. இடது கைக்கானதைச் சில கம்பெனிகள் செய்தாலும் சிறிய ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. ஆகவே இவருக்குப் பட்டறைக் கத்தியே சரி. ஆனால் மடக்குக் கத்தி வேண்டாம். மடக்குக் கத்தியின் உயிர் ஆணியிலும் வில்லிலும் இருக்கிறது. அரிவாள் அடித்துப் பழகிய கை அந்த மூட்டை இறுக்கமாக அமைப்பது சிரமம். அலகு ஆடினால் விரல் போகும். ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டுபவருக்கு மடக்கவேண்டிய அவசியமும் இல்லை. பிடி போட்ட நேர்க்கத்தியும் ஒரு தோல் உறையும் போதும்.

லாரி வில் பட்டையில் அடிக்கச் சொல்லலாம். அலகு 7 செ.மீ. நீளம், 2 மி.மீ. கனம். அட்டையில் வெட்டி எடுத்துப்போய், கொல்லர் முன்னால் இடது கையில் பிடித்துக் காட்டி, சரிவு எந்தப் பக்கம் என்று கோடு போட்டுக் கொடுப்பது நல்லது. வாய்ச்சொல்லை நம்பினால் பழக்க தோஷத்தில் வலப்பக்கமே வந்துவிடும். கத்தி வந்ததும் பட்டறையிலேயே ஒரு மாங்குச்சியைச் சீவி, வெட்டு முகத்தைக் கத்தியின் தட்டைப் பக்கத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இடையில் ஒளி தெரியக் கூடாது. கூர் உதிர்ந்தால் துவைச்சல் அதிகம், மடங்கினால் போதவில்லை. இரண்டையும் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். கடைக் கத்தியில் அந்த வசதி ஏது?

வலது கைக்காரர்கள், குறிப்பாக மரம் மரமாகப் போய்க் குச்சி எடுப்பவர்கள், கம்பெனி மடக்குக் கத்தியைத் தயங்காமல் வாங்கலாம். விரித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, ஆடாததை எடுக்கவேண்டும். எலுமிச்சை, சாத்துக்குடியில் ஒட்டுபவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. எக்சோகார்டிஸ் நோய் கத்தி வழியாகவே செடிக்குச் செடி பரவும். அதற்குப் பிளீச்சிங் கரைசலில் முக்கவேண்டும். பட்டறை இரும்பு அதில் சீக்கிரம் துருவேறும்.

மாம்பாலும் பட்டறைக் கத்தியைக் கறுக்க வைக்கும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். சாணை பிடிப்பது சரிவுப் பக்கம் மட்டும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படியவைத்து, பிசிர் போக இரண்டு இழுப்பு.