தோலுரித்தால் தீட்டு, ஆராய்ந்தால் விருது

செத்த மாட்டின் தோலை உரிப்பவன் தீண்டத்தகாதவன். செத்த எலியின் தோலை உரித்து, உள்ளே பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி, மண்டையோட்டைத் தனியே சுத்தம் செய்து மியூசியம் பெட்டியில் அடுக்குபவர் விஞ்ஞானி. கத்தி ஒன்றுதான், நாற்றமும் ஒன்றுதான். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த நம் தம்பிகளுக்குக் கிடைத்தது நடுத்தெருவில் அடி. விஞ்ஞானிக்குக் கிடைப்பது மானியமும் விருதும்.

தோழர்களே, விஞ்ஞானம் வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டும், அதிலும் நமக்குப் பங்கு வேண்டும். எலி, வௌவால், வரையாடு, யானை என்று பாலூட்டிகளை ஆராயும் மாணவர்களுக்கு உலகெங்கும் நிதி இருக்கிறது. அந்த வரிசையில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர்? கணக்கு எடுத்தது யார்?

"திறமை இருந்தா வரட்டுமே" என்கிறார்கள். சரி, அந்தத் திறமையை எப்படி அளக்கிறீர்கள்? விண்ணப்பம் நல்ல ஆங்கிலத்தில் இருக்கணும். பேராசிரியர் கடிதம் தரணும். ஏற்கெனவே காட்டு வேலை அனுபவம் இருக்கணும். அந்த அனுபவம் எப்படி வரும்? ஏதாவதொரு திட்டத்தில் ஆறு மாசம் சம்பளமில்லாமல் 'தன்னார்வத் தொண்டு' செய்தால் வரும். அப்பன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் செய்யலாம். லீவு விட்டால் சித்தாள் வேலைக்குப் போய் பீஸ் கட்டுகிற பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் அளப்பது திறமையை அல்ல, கூலியில்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்பதை.

பாலூட்டிகளில் பெரும்பாலானவை ராத்திரியில் நடமாடுபவை. கேமராப் பொறி வேண்டும், வௌவால் சத்தம் பதியும் கருவி வேண்டும், வண்டி வேண்டும். சிறு மானியங்கள் பெரும்பாலும் கருவிக்கும் பயணத்துக்கும்தான், வயிற்றுக்கு அல்ல. 'முதலில் செலவு செய், பில் கொடு, பிறகு தருகிறோம்' என்றால் கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றுதான் விஞ்ஞானம் படிக்கணும்.

அமெரிக்கப் பாலூட்டியியல் சங்கத்தைப் பாருங்கள். 1919ல் தொடங்கிய சங்கம். மாணவர்களுக்கு ஆராய்ச்சி மானியம் தருகிறது. பொதுப்போட்டியோடு நிற்கவில்லை. லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்குத் தனியாக ஒன்று, ஆப்பிரிக்க மாணவர்களுக்குத் தனியாக ஒன்று என்று ஒதுக்கியிருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிட முடியாது என்பது அவர்களுக்கே தெரிகிறது. அது நாட்டை வைத்து ஒதுக்கியது, சாதியை வைத்து அல்ல. ஆனால் நியாயம் ஒன்றுதான். அதற்கு நம்ம ஊரில் பெயர் இடஒதுக்கீடு. அமெரிக்காக்காரன் செய்தால் தொலைநோக்கு, நாம் கேட்டால் தகுதிக் குறைவா?

நமக்கென்று 2005-06ல் தொடங்கிய மத்திய அரசு ஆய்வு உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மாதாமாதம் வந்தால்தானே அது உதவி? ஐதராபாத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று சாகும்போது ஏழு மாத உதவித்தொகை பாக்கி. அறிவியல் படித்தவன், அறிவியல் எழுத்தாளனாக ஆசைப்பட்டவன். பணம் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1913ல் பரோடா உதவித்தொகை மாதம் 11.50 பவுண்டு வந்ததால்தான் அம்பேத்கர் கொலம்பியாவில் படிக்க முடிந்தது. 1917ல் அது முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

இன்னொரு கொள்ளையும் உண்டு. வளை வாயைப் பார்த்தே உள்ளே எந்த எலி என்று சொல்லும் ஆள் வயல்காட்டில் இருக்கிறார். ஆய்வாளர் அவர் பின்னால் நடந்துதான் கற்றுக்கொள்கிறார். கட்டுரையில் அவர் 'உள்ளூர் உதவியாளர்', நன்றியுரையில் ஒரு வரி. அவர் மகளுக்கு விலங்கியல் இடம் எங்கே?

நாம் கேட்பது இவை: மானியத்தை முன்பணமாகக் கொடு. அதில் சாப்பாட்டுக்கும் ஒதுக்கு. தமிழில் எழுதிய விண்ணப்பத்தையும் வாங்கு. காட்டு வேலைக்குக் கூலி கொடு. வழிகாட்டிய ஆளின் பெயரைக் கட்டுரையில் எழுது. விருது வாங்கியவர்களின் சாதிக்கணக்கை வெளியிடு.

விலங்கியல் படிக்கும் தம்பி, தங்கச்சி! கூச்சப்படாமல் விண்ணப்பம் போடு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். செத்த விலங்கை அறுத்துப் பார்க்கும் அறிவு நமக்குப் புதுசு இல்லை. அதற்குக் கூலியாக இதுவரை தீட்டைக் கொடுத்தார்கள். இனி அந்தக் கூலி வேண்டாம்.